பட்டத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர்: வெளிநாட்டு வேலை விசா, வாசகர் கேள்வி-பதில்

பொறியாளர்களுக்கும் கணினித் துறையினருக்குமான குடியேற்ற விசா பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பல “எந்த நாடு சுலபம்?” என்றே ஆரம்பிக்கின்றன. சுலபமான நாடு என்று ஒன்று இல்லை. உங்கள் வயது, வேலைச் சான்று, பெயர் எழுதியிருக்கும் விதம் இந்த மூன்றுக்கும் பொருந்தி வருகிற நாடுதான் உண்டு. கீழே சொல்லும் தொகைகளும் விதிகளும் 2026 தொடக்க நிலவரம்.

கே: வயது 31. கணினி அறிவியலில் பி.இ. சென்னையில் ஆறு வருடமாக மென்பொருள் வேலை. திருமணம் ஆகவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு 65 புள்ளி போதும் என்கிறார்களே, எனக்கு எவ்வளவு வரும்? — எஸ்., கும்பகோணம்

ப: 65 என்பது வாசற்படி. பந்தியில் இலை கிடைக்க அது போதாது. மென்பொருள் தொழில்களில் கூட்டம் அதிகம். 65-ஐ வைத்துக்கொண்டு யாருடைய பரிந்துரையும் வேண்டாத 189 என்ற நிரந்தர விசாவுக்கு அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் கணக்கைப் போடுவோம். வயது 25 முதல் 32 வரை 30 புள்ளி. இளநிலைப் பட்டத்துக்கு 15. திருமணம் ஆகாதவருக்கு 10. அனுபவத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். உங்கள் திறனை மதிப்பிடும் ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி, பட்டமும் வேலையும் ஒரே துறையாக இருந்தாலும் முதல் இரண்டு வருடத்தைக் கழித்துவிடும். ஆறு வருடம் நான்காகிறது. வெளிநாட்டு அனுபவம் 3-4 வருடத்துக்கு 5 புள்ளி. ஆக 60. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் 6 எடுத்தால் புள்ளி ஏதும் கிடையாது, 60-லேயே நிற்பீர்கள். எல்லாவற்றிலும் 7 என்றால் 70. எல்லாவற்றிலும் 8 என்றால் 80. ஒரு பகுதியில் 7.5 விழுந்தால்கூட 70-தான்.

அடுத்த ஐந்து புள்ளியைத் தமிழே தரும். ஆஸ்திரேலியாவின் நாட்டி அமைப்பு நடத்தும் சிசிஎல் என்ற மொழிபெயர்ப்புத் தேர்வு தமிழிலும் உண்டு. இரண்டு உரையாடல்கள், தலா 45 மதிப்பெண். மொத்தம் 90-க்கு 63 வேண்டும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 29. மருத்துவமனை, காப்பீடு, வாடகை, நீதிமன்றம் என்று அன்றாட விஷயங்கள்தான் வரும். வீட்டில் தமிழ் பேசுகிறோமே என்று தயாராகாமல் போகிறவர்கள் தோற்பது தமிழ் தெரியாததால் அல்ல. நீளமான வாக்கியத்தில் ஒரு தேதியையோ தொகையையோ விட்டுவிடுவதால். குறிப்பெடுக்கப் பழகுங்கள். தேறினால் 85.

மாநில அரசு பரிந்துரைக்கும் 190 விசாவுக்கு இன்னும் 5, பெருநகரங்களுக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கான 491 விசாவுக்கு 15. ‘வெளியே’ என்றதும் காடு என்று பயப்பட வேண்டாம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர எல்லாமே அந்தக் கணக்கில்தான், பெர்த்தும் அடிலெய்டும் உட்பட. 491 ஐந்து வருட விசா. மூன்று வருடம் அங்கே வாழ்ந்து, வருமானத்துக்கு வரி கட்டிய கணக்கைக் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போகலாம்.

காத்திருந்தால் என்ன ஆகும்? ஏழாவது வருட அனுபவம் முடிந்ததும் கழிவு போக ஐந்து வருடம் நிற்கும், புள்ளி 10 ஆகும். ஆனால் 33-வது பிறந்தநாளில் வயதுப் புள்ளி 25 ஆகிவிடும். ஆகவே உங்களுக்கு நல்ல காலம் என்பது அனுபவம் ஏழானதற்கும் 33 வயதுக்கும் நடுவே உள்ள சில மாதங்கள். அதற்குள் திறன் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, சிசிஎல் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஸ்கில்செலக்ட் தளத்தில் விருப்ப மனு போடக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் உயிரோடு இருக்கும். அழைப்பு வந்தால் விண்ணப்பிக்க 60 நாள்.

ஒரு எச்சரிக்கை. மனுவில் ஆறு வருடத்தையும் முழுசாகப் போட்டு 10 புள்ளி கேட்டு அழைப்பு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விசா அதிகாரி மதிப்பீட்டுக் கடிதத்தைப் பார்த்ததும் புள்ளி குறையும், விசா மறுக்கப்படும், கட்டிய கட்டணம் திரும்ப வராது.

கே: நான் படித்தது மெக்கானிக்கல். எட்டு வருடமாகப் பார்ப்பது சாஃப்ட்வேர். வயது 34. மனைவி ஐ.டி. படித்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். எந்தத் தொழிலின் பெயரில் விண்ணப்பிப்பது? — மன்னார்குடி வாசகர்

ப: ஆஸ்திரேலியா என்றால் உங்கள் பெயரில் வேண்டாம், மனைவி பெயரில் கணக்குப் பாருங்கள்.

கணினி சாராத பட்டத்தோடு மென்பொருள் வேலையை மதிப்பிட ஆர்பிஎல் என்ற வழி இருக்கிறது. இரண்டு திட்ட அறிக்கைகள் எழுத வேண்டும். ஆனால் அதில் ஆறு வருட அனுபவம் தகுதிக்கே செலவாகிவிடும். எட்டில் ஆறு போனால் இரண்டு. இரண்டு வருடத்துக்குப் புள்ளி இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியர் என்றே இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவிடம் மதிப்பீடு வாங்கலாம், படிப்பை வைத்தே தருவார்கள். அப்போது எட்டு வருட மென்பொருள் வேலை அந்தத் தொழிலோடு ஒட்டாது, புள்ளிக்கு உதவாது. மனைவிக்கு நான்கில் இரண்டு கழிந்து இரண்டுதான் மிஞ்சும் என்றாலும், அவர் வயது 32-க்குள் என்றால் உங்களைவிட 5 புள்ளி முன்னால் இருப்பார். நீங்கள் மெக்கானிக்கல் மதிப்பீடும் எல்லாவற்றிலும் 6 என்ற ஆங்கில மதிப்பெண்ணும் எடுத்துக் கொடுத்தால், இரண்டு தொழிலும் ஒரே பட்டியலில் இருக்கும்பட்சத்தில், துணைவருக்கான 10 புள்ளி சேரும். வீட்டில் யார் மூத்தவர் என்பது இந்தக் கணக்கில் வராது.

கனடா இந்த விஷயத்தில் தாராளம். எந்தப் பாடத்தில் பட்டம் என்று பார்ப்பதில்லை, இளநிலைப் பட்டமா என்று மட்டும்தான். வேலையின் தொழில் குறியீட்டை உங்கள் பதவிப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். அந்தக் குறியீட்டின் கீழ் எழுதியிருக்கும் கடமைகளோடு உங்கள் நிறுவனக் கடிதத்திலுள்ள கடமைகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ‘அசோசியேட்’, ‘கன்சல்டன்ட்’ என்ற பதவிப் பெயர்களுக்கு அங்கே தனியாக எந்த மதிப்பும் இல்லை.

கே: சிவில் பி.இ. ஆறு வருடமாக ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சைட் இன்ஜினியர், வாய்க்கால், மதகு வேலைகள். சம்பளம் கையில்தான். பி.எஃப். கிடையாது. ஆஸ்திரேலியாவுக்கான சிடிஆர் அறிக்கையைத் தயாராக எழுதித் தர 40 ஆயிரம் கேட்கிறார்கள். தரலாமா? — திருத்துறைப்பூண்டி வாசகர்

ப: தர வேண்டாம். முதலில் சிடிஆர், அதாவது தன் பொறியியல் திறனைத் தானே எழுதிக் காட்டும் அறிக்கை, யாருக்குத் தேவை என்பதைச் சொல்லிவிடுவோம். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினரானது. அதைக் கேட்டுவிட்டு ‘என் பட்டம் நேராகச் செல்லும்’ என்று நினைக்கிறார்கள். என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் டயர்-1 அங்கீகாரம் பெற்ற துறைக்கு, அங்கீகாரம் இருந்த வருடங்களில் படித்தவருக்குத்தான் அது. இணைப்புக் கல்லூரிகளுக்குப் பெரும்பாலும் டயர்-2. ஒரே கல்லூரியில் ஒரு துறைக்கு இருக்கும், பக்கத்துத் துறைக்கு இருக்காது. டெல்டாவில் படித்த பலரும் சிடிஆர் எழுதத்தான் வேண்டும்.

அதில் மூன்று பணி நிகழ்வுகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொற்கள். அவற்றைத் தகுதிகளோடு பத்தி எண் போட்டுப் பொருத்திக் காட்டும் சுருக்க அறிக்கை ஒன்று. தொடர்கற்றல் பட்டியல் ஒன்று. விலைக்கு விற்கும் அறிக்கைகளில் ஒரே பாலம் பத்துப் பேர் பெயரில் கட்டப்பட்டிருக்கும். திருட்டு எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுத்தான் பார்க்கிறார்கள். மாட்டினால் மறுப்பு மட்டுமில்லை, திரும்ப விண்ணப்பிக்கவும் தடை. விசா விண்ணப்பத்திலேயே போலி ஆவணம் போனால் மூன்று வருடத்துக்கு விசா கிடைக்காது.

உங்களிடம் சரக்கு இருக்கிறதே. கடைமடையில் ஒரு மதகு கட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “500 மீட்டர் வாய்க்காலுக்கு கான்கிரீட் போட்டோம்” என்று எழுதினால் அது ஒப்பந்தக்காரரின் பில். மதிப்பீட்டாளர் தேடுவது வேறு: மண் என்ன வகை, மதகின் மேல்புறத்துக்கும் கீழ்புறத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் எவ்வளவு, அடித்தளத்துக்குக் கீழே கசிவைத் தடுக்கும் சுவரின் ஆழத்தை எதை வைத்து முடிவு செய்தீர்கள், மேட்டூர் திறக்குமுன் முடிக்க வேண்டிய அவசரத்தில் எந்த வேலையை முன்னால் தள்ளினீர்கள், சோதனைக் கனசதுரம் வலிமை குறைவாக வந்தபோது என்ன செய்தீர்கள். எல்லாம் ‘நான்’ என்ற தன்மையில். நம் ஊர் வழக்கப்படி பணிவாக ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதுவது இங்கே உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். கணக்கும் வரைபடமும் ஒன்றிரண்டு போதும். மூன்று நிகழ்வில் ஒன்று கல்லூரி இறுதியாண்டுத் திட்டமாக இருக்கலாம்.

கையில் வாங்கிய சம்பளம்தான் உங்கள் உண்மையான சிக்கல். திறன் மதிப்பீட்டை அது தடுக்காது. அனுபவப் புள்ளி கேட்கும்போது தடுக்கும். முதலாளியின் கடிதம் ஒரு சான்று. பணம் வந்ததற்கு மூன்றாம் தரப்புச் சான்று வேறு வேண்டும்: வங்கிக் கணக்கு, வருமான வரிக்கான படிவம் 16, 26ஏஎஸ், பி.எஃப். பதிவு. கடந்த வருடங்களுக்கு வருமான வரி தாக்கல் செய்திருந்தால் அதை எடுத்து வையுங்கள். இல்லாததை இப்போது முன்தேதி போட்டு உண்டாக்காதீர்கள். அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லி, இரண்டு மூன்று வருடம் சுத்தமாகச் சேர்ப்பதே வழி. அனுபவக் கடிதத்தில் நிறுவனத் தலைப்பு, சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், கடமைகள், கையெழுத்திட்டவர் பதவி, தொடர்பு எண் இருக்க வேண்டும். “அன்னாரின் நடத்தை நன்று” என்ற இரண்டு வரிச் சான்றிதழுக்கு மதிப்பில்லை.

கே: பட்டத்தில் ‘செந்தில்குமார் கே’. பாஸ்போர்ட்டில் வெறும் ‘செந்தில்குமார்’, குடும்பப் பெயர் காலி. மனைவி பாஸ்போர்ட்டில் என் பெயர் பின்னால் இருக்கிறது. சிக்கல் வருமா? — பாபநாசம் வாசகர்

ப: வரும், ஆனால் தீரக்கூடியது. இனிஷியல் என்ற பழக்கம் நமக்குத்தான் இயல்பு. வெளிநாட்டுப் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும், இரண்டையும் நிரப்பச் சொல்லும்.

எல்லாவற்றையும் தொடங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை ஒரு முடிவுக்குக் கொண்டுவாருங்கள். தந்தை பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்க்க விரும்பினால் இப்போதே திருச்சி மண்டல அலுவலகத்துக்கான மறுவழங்கல் விண்ணப்பத்தைப் போடுங்கள். நேரில் போவதற்குத் தஞ்சாவூர் சேவை மையம் போதும். ஆங்கிலத் தேர்வு எழுதி, கல்வி மதிப்பீடு வாங்கி, அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டை மாற்றுவதுதான் மிகப் பெரிய தவறு. மூன்று ஆவணமும் மூன்று ஆளாகிவிடும்.

மாற்ற விருப்பமில்லை என்றாலும் ஒற்றைப் பெயரோடு போகலாம். கனடா படிவத்தில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, மற்றதைக் காலியாக விட வேண்டும். அமெரிக்க டிஎஸ்-160 படிவத்தில் குடும்பப் பெயர் கட்டத்தில் பெயர், மற்றதில் ‘எஃப்என்யு’ என்ற மூன்றெழுத்து. இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போட்டு ‘செந்தில்குமார் செந்தில்குமார்’ ஆகிவிடாதீர்கள்.

பட்டத்தில் உள்ள ‘கே’-க்கு, “கே என்பது என் தந்தையின் பெயரின் முதலெழுத்து, இரு பெயரும் ஒருவரே” என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். கூடவே தந்தை பெயர் முழுசாக இருக்கும் பள்ளி மாற்றுச் சான்றிதழ். இதற்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை. பெயரையே மாற்றியவர்களுக்குத்தான் அரசிதழ். உங்களுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறு, குழந்தைக்கு வேறு என்று இருப்பதற்குத் திருமணப் பதிவுச் சான்றும் குழந்தையின் பிறப்புச் சான்றும் பதில் சொல்லும். பிறப்புச் சான்றில் தாயின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பேரூராட்சி அலுவலகத்தில் அந்த ஒரு எழுத்தைத் திருத்துவதற்குள் சிலருக்கு 60 நாள் கெடுவே முடிந்துபோகிறது.

கே: மகனுக்கு வயது 29, பி.இ., நான்கு வருட அனுபவம், கனடா போக விருப்பம். எங்களுக்குப் பன்னிரண்டு மா நன்செய் இருக்கிறது. தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று வாங்கினால் பணம் காட்டியதாகுமா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவையாறு

ப: ஆகாது ஐயா. கனடாவின் திறன்பணியாளர் திட்டத்தில் காட்ட வேண்டியது கையில் புரளும் பணம். நிலம், வீடு, மனை எதன் மதிப்பும் சேராது. கடனும் சேராது, நகையை வைத்துப் போட்ட பணமும் கடன்தான். 2025 ஜூலையில் வெளியிட்ட கணக்குப்படி தனி ஆளுக்கு 15,263 கனடிய டாலர், நால்வர் குடும்பத்துக்கு 28,362. ஒவ்வொரு வருடமும் உயர்த்துவார்கள்.

பணம் மகன் கணக்கில் இருக்க வேண்டும். வங்கிக் கடிதத்தில் கணக்கு எண், கணக்கு ஆரம்பித்த தேதி, இன்றைய இருப்பு, கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பு, நிலுவைக் கடன் ஐந்தும் வேண்டும். கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக்கை மட்டும் நகலெடுத்து அனுப்பினால் செல்லாது. நீங்கள் பணம் தருவதானால், இது கடனல்ல, திருப்பித் தரத் தேவையில்லை என்று கடிதம் தர வேண்டும். நடுவில் பெரிய தொகை வந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கிரயப் பத்திர நகலும் சேர்க்க வேண்டும்.

ஆனால் நிலத்தை விற்குமுன் மகனின் புள்ளியைப் பாருங்கள், அதிகப் புள்ளிக்காரரைத்தான் கனடா அழைக்கும். திருமணமாகாத 29 வயதுக்காரருக்கு வயதுக்கு 110, இளநிலைப் பட்டத்துக்கு 120. ஐஇஎல்டிஎஸ்-ல் கேட்டல் 8, மற்றவை 7 எடுத்தால் மொழிக்கு 124. படிப்பும் மொழியும் சேர்ந்து 25, அனுபவமும் மொழியும் சேர்ந்து 50. மொத்தம் 429. கனடாவுக்கு உள்ளேயே வேலை செய்கிறவர்களுக்கான அழைப்புகள்கூட 500-க்கு மேல் நிற்கும் காலம் இது. 30-வது வயதிலிருந்து வருடத்துக்கு ஐந்து ஆறு புள்ளியாகக் கரையும். வேலைக் கடிதம் வாங்கித் தருகிறோம், 50 புள்ளி கூடும் என்று யாராவது சொன்னால், அந்தப் புள்ளியை 2025 மார்ச் 25-லேயே எடுத்துவிட்டார்கள். மாகாணப் பரிந்துரை கிடைத்தால் 600 கூடும்.

மற்றொரு வழி பிரெஞ்சு. நான்கு திறனிலும் என்சிஎல்சி என்ற பிரெஞ்சு மொழி அளவுகோலில் 7 எட்டினால் தனிச் சுற்றில் வருவார், அங்கே வெட்டுப்புள்ளி வெகுவாகக் குறைவு. வேலை பார்த்துக்கொண்டே படித்தால் ஒன்றரை இரண்டு வருடம் பிடிக்கும் உழைப்பு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த காரைக்கால் உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்தில்தான். அங்கே பிரெஞ்சு பேசும் முதியவர் யாராவது உங்களுக்குப் பழக்கம் என்றால், எந்தப் பயிற்சி மையத்தையும்விடப் பேச்சுப் பழக்கத்துக்கு அது மேல்.

கே: 2011-ல் பி.இ. முடித்தேன். சான்றிதழில் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், திருச்சி என்றிருக்கிறது. ஜெர்மனிக்குப் போய் வேலை தேடுவதற்கான வாய்ப்பு அட்டைக்கு அந்தப் பெயர் ஒத்துக்கொள்ளப்படுமா? ஜெர்மன் ஏ2 முடித்திருக்கிறேன், வயது 36. — மயிலாடுதுறை வாசகர்

ப: அனாபின் என்ற ஜெர்மன் அரசுத் தரவுத்தளத்தில் கல்லூரிப் பெயரைத் தேடி ‘வரவில்லையே’ என்று பலர் எழுதுகிறார்கள். பட்டம் தந்த பல்கலைக்கழகத்தைத் தேட வேண்டும். உங்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சு. 2007-ல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்தார்கள், 2012-ல் திரும்பச் சேர்த்தார்கள். இடையில் முடித்தவர்களின் சான்றிதழில் இருக்கும் பல்கலைக்கழகம் இன்று தனியாக இல்லை. மதிப்பெண் விவரப் பட்டியலுக்குச் சென்னையைத்தான் அணுக வேண்டும். இணைப்பு விவரத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். 2001-க்கு முன் முடித்த அண்ணன்மாருக்கு அது பாரதிதாசன் பல்கலைக்கழகம். தற்காலிகச் சான்றோடு நிறுத்திவிட்டு, பட்டமளிப்புச் சான்றிதழை வாங்காதவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள்.

அனாபினில் பல்கலைக்கழகத்துக்கு ‘எச் பிளஸ்’ என்ற அங்கீகாரக் குறி, பட்டத்துக்கு இணை என்ற குறிப்பு இரண்டும் இருந்தால் அச்செடுத்தால் போதும். இல்லையென்றால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் இசட்ஏபி அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று, கட்டணம் 208 யூரோ. முழு அங்கீகாரம் இருந்தால் வாய்ப்பு அட்டைக்குப் புள்ளியே தேவையில்லை. இல்லையென்றால் ஆறு புள்ளி: 35-40 வயதுக்கு 1, கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவம் இருந்தால் 3, ஏ2-க்கு 1, பற்றாக்குறைத் தொழில் என்பதற்கு 1. சரியாக ஆறு வருகிறது. 40 தாண்டினால் ஒன்று குறையும்.

ஆனால் எங்கள் யோசனை வேறு. வாய்ப்பு அட்டை ஒரு வருடத்துக்கு. வாரம் 20 மணி நேரம்தான் பகுதி வேலை. முடக்கக் கணக்கில் 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் ஒரு வருடப் பணத்தைப் பூட்டி வைக்க வேண்டும். அங்கே போய் ஏ2-வோடு பொறியியல் துறையில் கதவு தட்டுவது கடினம். அந்தத் துறையில் வேலைத்தளத்து மொழி ஜெர்மன். பி1 முடித்து, ஊரிலிருந்தே விண்ணப்பித்து, வேலை ஒப்பந்தத்தோடு நீல அட்டை என்ற வேலை விசாவில் போவது மேல். 2026-ல் அதற்கு ஆண்டுச் சம்பளம் 50,700 யூரோ. பொறியியல் போன்ற பற்றாக்குறைத் தொழிலுக்கு 45,934. நீல அட்டையில் 27 மாதத்தில் நிரந்தர வாசம் கேட்கலாம், பி1 இருந்தால் 21 மாதத்தில்.

பட்டம் இல்லாமலே மூன்று வருட அனுபவம் உள்ள கணினித் துறையினருக்கும் நீல அட்டை உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. கடந்த ஏழு வருடத்துக்குள் பெற்ற அனுபவமாக இருக்க வேண்டும்.

கே: சிங்கப்பூரில் இன்ஜினியர் வேலை, இ-பாஸ் என்று சொல்லி ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார். சம்பளம் 2,400 வெள்ளியாம். நம்பலாமா? — பட்டுக்கோட்டை வாசகர்

ப: சம்பளமே பதில் சொல்லிவிட்டது. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, வயது ஏற ஏற அதுவும் ஏறும். அதோடு காம்பஸ் என்ற முறையில் 40 புள்ளி வேறு. எஸ் பாஸுக்கே 2025 செப்டம்பரிலிருந்து 3,300. ஆக 2,400-க்கு வரப்போவது ஒர்க் பெர்மிட் என்ற தொழிலாளர் அனுமதிதான். பெர்மிட்டில் போவது இழிவில்லை, டெல்டாவில் எத்தனையோ வீடுகள் அதில்தான் எழுந்தன. ஆனால் பொறியாளர் அனுபவமாக அது வேறு நாட்டில் எண்ணப்படாது, மனைவி மக்களை அழைத்துக்கொள்ளவும் முடியாது. எஸ் பாஸ், இ-பாஸ் என்றாலும் குடும்பத்தை அழைக்க 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும்.

ஐபிஏ என்ற முதற்கட்ட ஒப்புதல் கடிதம் வந்ததும் அதில் எழுதியிருக்கும் பாஸ் வகை, நிறுவனம், அடிப்படைச் சம்பளம் மூன்றையும் மனிதவள அமைச்சகத் தளத்தில் சரிபாருங்கள். கடிதத்தில் 3,300 போட்டுவிட்டு, மாதம் 900-ஐத் திருப்பித் தரச் சொல்வது அங்கே குற்றம். அந்த நாட்டு ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடியது ஒப்பந்த வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். இங்கே உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு முகவருக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவர் உரிம எண் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லாதவருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள்.

கே: இங்கிலாந்துக்கு ஸ்பான்சர்ஷிப் சான்று 15 லட்சத்துக்குக் கிடைக்கும் என்கிறார்கள். — நாகப்பட்டினம் வாசகர்

ப: விலை பேசி வாங்கும் பொருளில்லை அது. ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கான அந்தச் சான்றை உரிமம் பெற்ற முதலாளி, உண்மையான ஒரு வேலைக்குத் தருகிறார். அதன் கட்டணத்தை ஊழியரிடம் வசூலிக்கவும் கூடாது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அரசுத் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது: நான்கு பேர் வேலை செய்யும் பலசரக்குக் கடை உங்களை மென்பொருள் பொறியாளராக எடுக்கிறது என்றால் அதிகாரிக்கும் அதே சந்தேகம் வரும். 2025 ஜூலை 22 முதல் பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு, பெரும்பாலும் பட்டதாரி நிலை வேலைகளுக்குத்தான். 2026 ஜனவரி 8 முதல் ஆங்கிலம் பி2 நிலையில் வேண்டும். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண்டு, விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே.

போன பிறகு நிறுவனத்தின் உரிமம் ரத்தானால் வழக்கமாக 60 நாள் கெடு, அதற்குள் வேறு ஸ்பான்சர் அல்லது ஊர் திரும்புதல். ஏமாற்று என்று முடிவானால் பத்து வருடத் தடை. அந்த 15 லட்சத்துக்கு ரசீதும் இருக்காது.

கே: அமெரிக்க எச்-1பி வேலை விசா இனி அவ்வளவுதானா? — திருச்சி வாசகர்

ப: இந்தியாவில் இருந்துகொண்டு புதிதாகக் குலுக்கலில் நுழைவது வெகு கடினமாகிவிட்டது. 2025 செப்டம்பர் 21 முதல், நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய மனுவுக்கு நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும். வருடத்துக்கு 85,000 இடம், அதிலும் இனி அதிகச் சம்பளக்காரருக்கே முன்னுரிமை. உங்கள் நிறுவனத்துக்கு அங்கே கிளை இருந்து, கடந்த மூன்று வருடத்துக்குள் தொடர்ந்து ஒரு வருடம் இங்கே வேலை பார்த்திருந்தால் நிறுவனத்துக்குள்ளேயே இடம் மாறுவதற்கான எல்-1 விசா பற்றி மனிதவளப் பிரிவில் கேளுங்கள். கிரீன் கார்டை நம்பி யாரும் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

கே: கல்யாணம் என்றதும் கேட்கிறேன். கனடாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறேன். தையில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. இப்போது சொன்னால் புள்ளி குறையும், போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் ஆலோசகர். — திருவாரூர் வாசகர்

ப: அந்த ஆலோசகரை மாற்றுங்கள். நிரந்தரவாசியாகக் கனடாவில் இறங்கும் நாளுக்கு முன் திருமணம் நடந்து, அதைத் தெரிவிக்காமல் இறங்கினால், அந்த மனைவியைப் பிற்காலத்தில் குடும்ப வகுப்பில் அழைக்க முடியாது. அதோடு பொய்த்தகவல் என்று ஐந்து வருடத் தடையும் வரலாம். திருமணம் முடிந்த கையோடு பதிவு செய்து, சான்றைச் சேர்த்துத் தெரிவியுங்கள். மனைவிக்கும் மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று தேவைப்படும். காவல்துறைச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவைத் தளத்தில் 500 ரூபாய். அவர் பாஸ்போர்ட் முகவரி ஒரு ஊர், இருப்பது வேறு ஊர் என்றால் இப்போது வசிக்கும் முகவரிக்கே விண்ணப்பிக்கட்டும். 18 வயதுக்குப் பிறகு, கடந்த பத்து வருடத்தில் வேறு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும்.

உங்கள் புள்ளியைத் துணைவரோடு சேர்த்து மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். வயதுக்கும் படிப்புக்கும் கொஞ்சம் குறையும். மனைவியின் படிப்பும் ஆங்கில மதிப்பெண்ணும் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆஸ்திரேலியாவில் இது வேறு மாதிரி: தனியாளுக்கான 10 புள்ளி அழைப்பு வந்த நாள் நிலையை வைத்துத்தான். அழைப்புக்குப் பிறகு மணம் முடித்தால் புள்ளி போகாது, முடிவு வருமுன் மனைவியை விண்ணப்பத்தில் சேர்க்கவும் செய்யலாம். பத்திரிகை அடிக்குமுன் அழைப்புத் தேதியை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.